வட்டார உறுப்பினருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும்

எங்களூர் பொதுச் சந்தைக் கடைத்தொகுதியில் எனக்கும் ஒரு கடை இருக்கிறது. சிறிய புடவைக் கடை. அந்தத் தொகுதியில் மொத்தம் 32 கடைகள். எல்லாம் சபைக்குச் சொந்தமானவை. நாங்கள் மாத வாடகை கட்டித் தொழில் செய்கிறோம். 2025 ஜூனில் புதிய சபைகள் கூடிச் சில மாதங்கள் சென்ற பிறகு எங்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. வாடகை மீளாய்வு செய்யப்பட்டிருப்பதாகவும் அடுத்த மாதத்திலிருந்து புதிய தொகையைச் செலுத்த வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. எனது கடைக்கு அதுவரை 6,500 ரூபா. புதிய தொகை 13,000 ரூபா.

கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வட்டார உறுப்பினரிடம் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். முதல் தடவையாகத் தெரிவாகியிருப்பவர். ஓடியாடி வேலை செய்கிறவர் என்று ஊரில் நல்ல பெயரும் இருக்கிறது.

"தம்பி, இது சபைக்கு வந்ததா?" என்று கேட்டேன்.

"வந்ததுதான் காக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நானும் கை உயர்த்தினதான் காக்கா. அந்தப் பத்திரத்தில சந்தைக் கடை வாடகையும் இருக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் தனது கைத்தொலைபேசியைத் திறந்து காட்டியபோது அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. கூட்டத்துக்கு முதல் நாள் இரவு 10.40க்கு உறுப்பினர்களின் வட்ஸ்அப் குழுவில் யாரோ பதினொரு புகைப்படங்களைப் போட்டிருக்கிறார்கள். மேசையில் வைத்த கடதாசிகளைக் கைத்தொலைபேசியால் எடுத்த படங்கள். சில சரிந்திருந்தன. சிலவற்றில் மின்குமிழின் வெளிச்சம் பட்டு நடுப்பகுதி தெரியவில்லை. அவற்றுக்கு மேலும் கீழும் ஒரு ஜனாஸா அறிவித்தல், ஒரு கிரிக்கெட் காணொளி, இரண்டு திருமண அழைப்பிதழ்கள். மறுநாள் காலை சபையில் இருபதுக்கு மேற்பட்ட விடயங்கள் எடுக்கப்பட்டன. வாடகை விடயம் ஓர் இணைப்பின் ஏழாம் பக்கத்தில் இருந்தது. "எவரும் எதிர்க்கவில்லை, ஏகமனதாக நிறைவேறியது" என்று கூட்டறிக்கையில் பதிவாகிவிட்டது.

வாடகையை உயர்த்தவே கூடாது என்பது எனது வாதமல்ல. பழைய வாடகை பல வருடங்களாக மாறாமல் இருந்தது. சபைக்கும் வருமானம் வேண்டும். ஆனால் அந்தத் தொகுதியின் கூரை மழைக்கு ஒழுகுகிறது, பின்பக்க வடிகான் அடைபட்டிருக்கிறது, மலசலகூடத்தின் கதவு உடைந்திருக்கிறது. உறுப்பினர் அந்தப் பக்கத்தை வாசித்திருந்தால், "கூரையைத் திருத்திவிட்டு உயர்த்துங்கள்" என்றோ "இரண்டு கட்டமாக உயர்த்துங்கள்" என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாம் அவரைத் தெரிவு செய்து அனுப்பினோம்.

எனது பக்கத்துத் தவறு

குற்றத்தைச் சபையின் மீதும் உறுப்பினர் மீதும் மட்டும் போட்டுவிட்டு நான் தப்பிக்கொள்ள முடியாது. கூரை ஒழுகுவது பற்றி 2022 இல் நாங்கள் 19 வியாபாரிகள் ஒப்பமிட்டு ஒரு மகஜர் தயாரித்தோம். அதை முறையாகச் சபைக்குக் கையளித்து முத்திரை பதித்த பிரதியை வாங்கி வைக்கவில்லை. அன்றைய உறுப்பினர் தெரிந்தவர்தானே என்று நான் அதைப் படமெடுத்து அவருடைய வட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். "சரி காக்கா, பேசுறன்" என்று பதில் வந்தது. அத்தோடு நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

அந்தச் சபையின் பதவிக்காலம் 2023 மார்ச் 19ஆம் திகதி முடிவடைந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடத்தப்படவிருந்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நின்றுபோனது. தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பாலான சபைகளுக்குத் தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இடையில் இரண்டு வருடங்களுக்கு மேல் மக்கள் பிரதிநிதி என்று ஒருவரும் இருக்கவில்லை. அதிகாரிகள்தான் சபைகளை நடத்தினார்கள்.

இந்த இடைவெளியில் எங்கள் மகஜருக்கு என்ன நடந்தது? பழைய உறுப்பினர் இன்று வேறு தொழில் செய்கிறார். அன்றிருந்த தொலைபேசி பழுதாகி மாற்றிவிட்டார். புதிய உறுப்பினருக்கு அப்படி ஒரு மகஜர் இருந்ததே தெரியாது. சபை அலுவலகத்தில் கேட்டால் கோப்பில் எதுவுமில்லை. 19 பேர் ஒப்பமிட்ட முறைப்பாடு, பழுதான ஒரு தொலைபேசியோடு சேர்ந்து போய்விட்டது.

பற்று வரவுக் கொப்பி யாருடையது?

வியாபாரிகளுக்கு இந்த விடயத்தை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. கடையில் வேலை செய்யும் பையன் ஒருவர் கடன் கொடுத்த விபரத்தையெல்லாம் தனது சொந்தக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மத்திய கிழக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போய்விட்டால் முதலாளியின் கதி என்ன? அதனால்தான் பற்று வரவுக் கொப்பி கடையின் மேசையில் இருக்க வேண்டும் என்கிறோம். எழுதுபவர் மாறலாம், கொப்பி மாறக்கூடாது.

சபை உறுப்பினருக்கு மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்று நான் கேட்பது இந்த அர்த்தத்தில்தான். அவருடைய பெயரில் அவரே திறந்த ஜிமெயில் முகவரி போதாது. சபையின் இணையப் பெயரில், வட்டாரத்தின் பெயரில் அல்லது ஆசனத்தின் இலக்கத்தில் ஒரு முகவரி இருக்க வேண்டும். உதாரணமாக, மூன்றாம் வட்டாரத்துக்கு ஒரு முகவரி. இன்று அதில் ஒருவர் இருப்பார், நான்கு வருடத்தின் பின் வேறொருவர் வருவார். கடவுச்சொல் மாறும், பெட்டிக்குள் இருக்கும் கடிதங்கள் அப்படியே இருக்கும். புதிதாக வருபவர் முதல் நாளே அதைத் திறந்து, தன் வட்டாரத்தில் எந்த வீதிக்கு விளக்கு கேட்டிருக்கிறார்கள், எந்த வடிகானுக்கு முறைப்பாடு வந்திருக்கிறது என்று பார்க்கலாம். எங்கள் கூரை மகஜரும் அங்கே கிடந்திருக்கும்.

உள்ளூராட்சி மன்றங்களில் உறுப்பினர் தொகை முன்பு நாடு முழுவதும் சுமார் 4,500 ஆக இருந்தது. 2018 தேர்தலில் வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த புதிய முறை வந்தபோது அது 8,000க்கும் மேலாக உயர்ந்தது. 2025 இலும் 339 சபைகளுக்கு 8,000க்கு மேற்பட்டவர்கள் தெரிவாகினர். அவர்களில் கணிசமானோர் இதற்கு முன் சபை மண்டபத்தின் வாசலை மிதித்திராதவர்கள். ஆட்களைக் கூட்டினோம், ஆசனங்களைக் கூட்டினோம், மண்டபங்களை விஸ்தரித்தோம். அந்த ஆசனத்தில் இருந்து வேலை செய்வதற்கான கருவியை மட்டும் கொடுக்க மறந்துவிட்டோம்.

இன்னொரு முரண்பாட்டையும் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி சாதாரண பிரஜை ஒருவர் சபையிடம் விண்ணப்பித்தால் தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். 2025 பெப்ரவரியில் கவ்பே என்ற வசதி தொடங்கப்பட்டு, அரச நிறுவனங்களுக்குத் தொலைபேசி வழியாகவே பணம் செலுத்தும் வழி திறந்தது. ஆக, நாம் காசு கட்டுவதற்கு வழி வந்துவிட்டது. அந்தக் காசை எப்படிச் செலவழிப்பது என்று தீர்மானிக்கும் உறுப்பினர், கூட்டப் பத்திரத்தை ஒழுங்காக வாசிப்பதற்கு வழி இன்னும் வரவில்லை.

"வட்ஸ்அப் இருக்கிறதே" என்பவர்களுக்கு

இந்தக் கருத்தை நண்பர்களிடம் சொன்னபோது வந்த முதல் பதில் இதுதான். வட்ஸ்அப் நல்ல வசதி. நானும் நாள் முழுவதும் பாவிக்கிறேன். வாடிக்கையாளருக்குப் புதிய துணியின் படம் அனுப்ப அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் சரக்குக்கு ஓடர் கொடுப்பதையும் விலை முடிவு செய்வதையும் எழுத்தில் வைத்துக்கொள்கிறேன். காரணம், குழுவில் போட்டதைப் போட்டவரே அழிக்கலாம். பிடிக்காதவரைக் குழுவிலிருந்து நீக்கலாம். எதிர்க்கட்சி உறுப்பினரைச் சேர்க்காமல் விடலாம். "அனுப்பினோம், அவர் பார்க்கவில்லை" என்று ஒரு சாராரும் "வரவே இல்லை" என்று மறுசாராரும் சொன்னால் தீர்ப்பதற்கு ஆதாரம் கிடையாது.

மின்னஞ்சலில் யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்தப் பத்திரத்தை அனுப்பினார் என்பது நிற்கும். சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தின் வலுவை மறுக்க முடியாது என்கிறது. சட்டம் வந்து இரு தசாப்தங்கள் ஓடிவிட்டன. நாம்தான் இன்னும் கடதாசியைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் அனுப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பகுதி அலுவலகங்கள் பலவற்றில் கடிதங்கள் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்படுகின்றன. அலுவலகக் கணனியில் அது அழகான தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அதே கோப்பைத் திறந்தால் தமிழ் காணாமல் போய்விடும். "அம்மா" என்று அடித்தது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று வந்து நிற்கும். தமிழ் எழுத்துக்களுக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 1326, 2008 இலேயே வந்துவிட்டது. யுனிகோடில் அடித்தால் எந்தத் தொலைபேசியிலும் வாசிக்கலாம், பழைய தீர்மானத்தைத் தேட வேண்டுமானால் ஒரு சொல்லைப் போட்டுத் தேடலாம். லிகிதர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பழகிய விசைப்பலகையை விடுவது சிரமம். அவர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் முடிகின்ற காரியம் இது. உறுப்பினருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, அனுப்புகிறவரை மறந்துவிட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

காசுக்கு எங்கே போவது?

இரண்டாவது கேள்வி இது. நியாயமான கேள்விதான். வியாபாரி என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 உறுப்பினர்கள் உள்ள ஒரு சபையை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 60,000 ரூபா பெறுமதியான ஒரு டெப் வாங்குவதாக வைத்தால் மொத்தம் 12 இலட்சம். சபையின் காலம் நான்கு வருடம், அதாவது 48 மாதம். மாதத்துக்கு 25,000 ரூபா வருகிறது. இணைய இணைப்புக்கு ஒருவருக்கு மாதம் 1,000 ரூபா என்றால் இன்னும் 20,000. ஆக, மாதம் 45,000 ரூபா.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். ஒரு கூட்டத்துக்கு 60 பக்கப் பத்திரங்களை 20 பேருக்கு ஒழுங்காகப் பிரதி எடுத்துக் கொடுத்தால் 1,200 பக்கம். பக்கம் 10 ரூபா வீதம் 12,000 ரூபா. அது மிச்சமானால் நிகரச் செலவு மாதம் 33,000 ரூபா. எங்கள் 32 கடைகளுக்கும் எனக்கு உயர்ந்த அதே தொகை உயர்ந்ததாக வைத்தால் சபைக்குக் கூடுதலாக வருவது மாதம் 208,000 ரூபா. அதில் ஆறில் ஒரு பங்குகூடச் செலவாகாது. வாடகை தரும் எங்களுக்கு இதில் ஆட்சேபனை இல்லை. எங்கள் காசில் எங்கள் உறுப்பினர் பத்திரத்தை வாசிக்கட்டும்.

ஆனாலும் எல்லாச் சபைக்கும் இந்த வசதி இருக்காது. வரி நிலுவையிலும் சம்பளப் பிரச்சினையிலும் திணறும் சிறிய பிரதேச சபைகள் உண்டு. அவற்றுக்கு நான் சொல்வது, கருவியைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் முகவரி, இரண்டாவது பயிற்சி, மூன்றாவதுதான் கருவி. இன்று பெரும்பாலான உறுப்பினர்களிடம் ஒரு கைத்தொலைபேசியாவது இருக்கிறது. முகவரி இருந்தால் அதிலேயே தொடங்கலாம். கைத்தொலைபேசியில் 60 பக்க வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பது கண்ணுக்குக் கஷ்டம்தான். அப்படியானவர்களுக்குச் சபைக் கட்டிடத்திலேயே இரண்டு கணனிகளையும் ஓர் அச்சுப்பொறியையும் தனி மேசையில் வைத்துக் கொடுக்கலாம்.

வரிசையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சபை அலுவலகத்துக்குப் போனபோது மூலையில் இரண்டு கணனிகள் பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் இருந்தன. உறுப்பினர்களுக்காக வந்தவையாம். "யாருக்கும் பாவிக்கத் தெரியாது சேர்" என்றார் அங்கிருந்த ஊழியர். கருவி வந்த நாளில் படமெடுத்தார்கள், பத்திரிகையில் போட்டார்கள், அத்தோடு சரி.

கற்றுக்கொள்ள வயது தடையா?

நான் சாதாரண தரம் வரை படித்தவன். மின்னஞ்சல் பாவிக்கப் பழகியபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. கொழும்பிலிருந்த ஒரு மொத்த வியாபாரி, விலைப்பட்டியலை இனிமேல் பெக்ஸில் அனுப்பமாட்டேன், மின்னஞ்சலில்தான் வரும் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லை. மருமகன் ஒருவர் ஒரு பின்னேரம் உட்காரவைத்துச் சொல்லித் தந்தார். திறக்கவும் அனுப்பவும் அந்த ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. ஆனால் தினமும் திறந்து பார்க்கும் பழக்கம் வர மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதத்தில் இரண்டு விலை மாற்றங்களைப் பார்க்காமல் பழைய விலைக்கே விற்று நட்டப்பட்டேன்.

ஆகவே பயிற்சி என்றால் ஹோட்டலில் ஒரு நாள் செயலமர்வு, மதிய சாப்பாடு, சான்றிதழ் என்று முடித்துவிடக் கூடாது. முதல் நாள் சொல்லிக்கொடுத்து, அடுத்த மூன்று மாதமும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் "பத்திரம் கிடைத்ததா, திறக்க முடிந்ததா" என்று கேட்க ஒருவர் சபையில் இருக்க வேண்டும். எதைப் பழக்க வேண்டும் என்பதும் முக்கியம். வரவு செலவுப் பத்திரத்தை எப்படி வாசிப்பது, மக்கள் அனுப்பும் முறைப்பாட்டை எந்த உத்தியோகத்தருக்கு அனுப்புவது, பதில் வராவிட்டால் எப்படி நினைவூட்டுவது, மக்களின் அடையாள அட்டைப் பிரதிகளையும் தொலைபேசி இலக்கங்களையும் மற்றவர்களுக்கு அனுப்பாமல் பாதுகாப்பது. இந்தக் கடைசி விடயத்துக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. உள்ளூராட்சி உறுப்பினர்களையும் உத்தியோகத்தர்களையும் பயிற்றுவிப்பதற்கென்றே இலங்கை உள்ளூராட்சி நிறுவகம் என்று ஒன்று கொழும்பில் உண்டு. அந்தப் பயிற்சி மாவட்டத்துக்கு மாவட்டம், தமிழ் மொழியில், சபைக் கட்டிடத்துக்கே வர வேண்டும்.

பெண் உறுப்பினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 வீதமும் இருக்கவில்லை. 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு 25 வீத ஒதுக்கீடு வந்தது, 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறையானது. எங்கள் ஊர்களிலும் சகோதரிகள் சபைக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் சபையின் உண்மையான பேச்சுவார்த்தை எங்கே நடக்கிறது? இஷாவுக்குப் பிறகு தேநீர்க் கடையில், தவிசாளரின் வீட்டு முன்றலில், கொந்தராத்துக்காரரின் வாகனத்தில். அங்கெல்லாம் அவர்கள் போய் உட்கார முடியாது. மறுநாள் மண்டபத்துக்கு வரும்போது முடிவு முடிந்திருக்கும். பத்திரம் ஐந்து நாட்களுக்கு முன்பே எல்லோருடைய முகவரிக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருமானால், வீட்டிலிருந்தே வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வரலாம். தேநீர்க் கடையில் நடந்த பேச்சு தெரியாவிட்டாலும் பத்திரம் தெரியும். தெரிந்துகொண்டு வருகிற உறுப்பினரை அலட்சியம் செய்வது அவ்வளவு சுலபமல்ல.

மற்றவர்கள் செய்திருக்கிறார்கள்

இது நடக்காத காரியமல்ல. நமக்கு அயலில் இருக்கும் கேரளாவில் உள்ளூராட்சி அமைப்புக்களைக் கணனிமயப்படுத்த 1999 இல் இன்போமேஷன் கேரளா மிஷன் தொடங்கப்பட்டது. பஞ்சாயத்துக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலையும் தீர்மானங்களையும் பதிவதற்கென்றே சகர்மா என்ற மென்பொருளை அவர்கள் பாவித்தார்கள். 2024 ஜனவரியில் நகர சபைகளிலும் 2025 ஏப்ரலில் பஞ்சாயத்துக்களிலும் கே-ஸ்மார்ட் என்ற புதிய முறைக்கு மாறினார்கள். திருச்சூரில் உள்ள கிலா என்ற நிறுவனம் தெரிவான உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. எல்லாம் அவர்களுடைய சொந்த மொழியான மலையாளத்தில்.

பிரித்தானியாவின் வேல்ஸ் பிரதேசத்தில் உறுப்பினர்களின் கொடுப்பனவைத் தீர்மானித்த சுயாதீனக் குழு, பல வருடங்களாக ஒரு விடயத்தை வலியுறுத்தி வந்தது. தொலைபேசி, மின்னஞ்சல், இணைய வசதி ஆகியவற்றைச் சபை உறுப்பினருக்கு வழங்க வேண்டும், அதற்கு அவருடைய பையிலிருந்து காசு போகக்கூடாது என்பதே அது. அங்கே இதைச் சலுகையாகப் பார்க்கவில்லை. உறுப்பினர் தன் வேலையைச் செய்யத் தேவையான சாமான் என்று பார்த்தார்கள்.

நமது நாட்டின் ஓர் அனுபவத்தையும் மறக்கக்கூடாது. 2023 ஆகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் முறைமையைக் கப்பம் கோரும் வைரஸ் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களை மீட்க முடியாமல் போனது. பழைய மென்பொருளைப் புதுப்பிக்காமல் வைத்திருந்ததும், அந்தக் காலத்துக்கான காப்புப் பிரதி இல்லாததும் காரணம். இதைக் காட்டி "பார்த்தீர்களா, கடதாசியே மேல்" என்று சிலர் சொல்லலாம். கடையில் ஒரு தடவை களவு போனால் நாம் கடையை மூடிவிடுவதில்லை, நல்ல பூட்டுப் போடுகிறோம். காப்புப் பிரதிக்கும் புதுப்பித்தலுக்கும் வருடா வருடம் சிறு தொகை ஒதுக்க வேண்டும் என்பதே இதில் கற்க வேண்டிய பாடம்.

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு வருட இறுதியிலும் சபைகளில் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் எடுக்கப்படுகிறது. வீதிக்கும் வடிகானுக்கும் ஒதுக்குகிற இடத்தில் இதற்கும் ஒரு வரி எழுதும்படி தவிசாளர்களையும் செயலாளர்களையும் உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆசனத்துக்கும் சபையின் பெயரில் ஒரு முகவரி. கூட்டத்துக்கு ஐந்து நாட்களுக்கு முன் யுனிகோட் தமிழில் முழுப் பத்திரம். உறுப்பினருக்கும் லிகிதருக்கும் மூன்று மாதத் தொடர் பயிற்சி. எல்லா முகவரிகளும் சபையின் அறிவித்தல் பலகையில் மக்களுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். எங்கள் உறுப்பினரிடமும் இதைச் சொன்னேன். "பிரேரணையா எழுதித் தாங்க காக்கா, நான் கொண்டு வாறன்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வியாபாரிகளான நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நமது வர்த்தக சங்கங்களில் எத்தனைக்குச் சொந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறது? செயலாளரின் சொந்த முகவரியையே பாவித்துவிட்டு அவர் மாறியதும் பழைய கடிதங்களைத் தேடி அலைகிறோம். முதலில் நாம் திருந்துவோம். எங்கள் சந்தை வியாபாரிகள் சங்கத்துக்கு இப்போது ஒரு முகவரி திறந்திருக்கிறோம். கடவுச்சொல் தலைவரிடமும் செயலாளரிடமும் இருக்கிறது. அதிலிருந்து நாங்கள் அனுப்பிய முதல் கடிதம் அந்தப் பழைய மகஜர்தான். வீட்டில் தேடியதில் மூலப் பிரதி ஓர் இரும்புப் பெட்டிக்குள் கிடைத்தது. 19 ஒப்பங்களில் இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை.

கடிதத்தைச் சபையின் பொது முகவரிக்கு அனுப்பி, ஒரு பிரதியை நேரில் கையளித்து முத்திரையும் வாங்கிக்கொண்டோம். மூன்றாம் வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி அனுப்ப விரும்பினோம். அனுப்புவதற்கு அவருக்கு இன்னும் முகவரி இல்லை.